டெபியனுக்குப் புதிதா? வரப்பு எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

"டெபியன் உடைஞ்சு போச்சு, கொஞ்சம் பாருங்க" என்று நண்பர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மடிக்கணினிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் வன்பொருள் கோளாறு என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. பெரும்பாலும் கதை ஒன்றுதான். வேறொரு லினக்ஸ் வழங்கலுக்காக எழுதிய கட்டளையை எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கு அது வேலை செய்திருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு மேம்படுத்தல் வரும்போது மொத்தமும் சரிந்திருக்கும்.

டெபியன் எளிமையானதுதான். ஆனால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் இதைத் தொடங்கினார். அன்றைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர்தான் டெபியன். அன்றிலிருந்து இன்றுவரை தன்னார்வலர்கள்தான் இதை நடத்துகிறார்கள். ஒவ்வொரு பேக்கேஜையும் (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிவைத்த மென்பொருள் தொகுப்பு) ஒரு பராமரிப்பாளரோ ஒரு குழுவோ பொறுப்பேற்றுக் கவனிக்கிறது. எங்கே எந்தக் கோப்பு இருக்க வேண்டும், எதோடு எது ஒத்துப்போகும் என்றெல்லாம் அவர்கள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆக, உங்கள் கணினியில் ஒரு பகுதி அவர்கள் உழுது பயிர்செய்யும் நிலம், இன்னொரு பகுதி உங்கள் நிலம். நடுவில் ஒரு வரப்பு ஓடுகிறது. டெபியனின் வழக்கங்களில் பெரும்பாலானவை அந்த வரப்பைக் காப்பதற்காக வந்தவை. அது எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. எந்தக் கிளை என்று முடிவெடுங்கள்

டெபியனில் எப்போதும் மூன்று கிளைகள் ஓடிக்கொண்டிருக்கும்: ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள். பராமரிப்பாளர் அனுப்பும் புதிய பேக்கேஜ் முதலில் அன்ஸ்டேபிளில் இறங்கும். வழக்கமாக ஐந்து நாள் அளவில் அங்கே பெரிய வழு ஏதும் முளைக்காமல் இருந்தால் டெஸ்டிங்குக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெஸ்டிங்கை அப்படியே உறையவைத்து, மிச்சமுள்ள வழுக்களைக் களைந்து, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10-இல். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9-இல்.

எண்ணைவிடப் பெயர்தான் புழக்கத்தில் அதிகம். 11 புல்ஸ்ஐ, 12 புக்வார்ம், 13 டிரிக்ஸி, அடுத்து வரப்போவது ஃபோர்க்கி. எல்லாம் 'டாய் ஸ்டோரி' படங்களின் பாத்திரங்கள். தொடக்க காலத்தில் திட்டத்தை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ் அப்போது பிக்சாரில் வேலை பார்த்தார், அந்த வழியில் வந்த பழக்கம் இது. அன்ஸ்டேபிளுக்கு மட்டும் பெயர் மாறவே மாறாது. அது எப்போதும் சிட். படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர்.

புதிதாக வருபவர் ஸ்டேபிளைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஸ்டேபிள் என்ற சொல்லை 'செயலி முடங்காது' என்ற பொருளில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டெபியனில் அதன் பொருள் 'மாறாது' என்பது. இன்றைக்கு இருக்கும் பதிப்பே அடுத்த வெளியீடு வரை இருக்கும். பாதுகாப்புத் திருத்தமும் பெரிய வழுக்களின் திருத்தமும் மட்டும் வரும்.

இந்த நிதானம் எவ்வளவு பெரிய காப்பு என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ ஒரு கள்ளவாசலை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் தன் டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப்போய் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்புகள் சிட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்திருந்தன. ஸ்டேபிளை அவை எட்டவே இல்லை.

2. நிறுவும்போது ஒரு கேள்வியில் நில்லுங்கள்

நிறுவியில் பெரும்பாலான கேள்விகளுக்கு முன்னிருப்பாகத் தரும் விடையே போதும். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். வைஃபை அட்டைகளுக்கான ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள் நிரல்) பற்றி முன்பு பெரிய தலைவலி இருந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, கட்டற்றதாக இல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். டெபியன் 12 முதல் அப்படித்தான் வருகிறது. 'தனியாக ஒரு பென்டிரைவில் ஃபர்ம்வேரை இறக்கி வைத்துக்கொள்' என்று சொல்லும் குறிப்பைப் பார்த்தால், அது பழையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நிற்க வேண்டிய இடம் ரூட் (கணினியின் முழு நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் திரை. அங்கே கடவுச்சொல் கொடுத்தால் ரூட் என்று தனிக் கணக்கு உருவாகும், நீங்கள் உருவாக்கும் சாதாரணக் கணக்குக்கு நிர்வாக உரிமை கிடைக்காது. அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுத் தொடர்ந்தால் ரூட் கணக்கு பூட்டப்படும், உங்கள் கணக்குக்கே சூடோ உரிமை, அதாவது தேவைப்படும்போது நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை, வந்துவிடும். வீட்டுக் கணினிக்கு இரண்டாவதுதான் வசதி. திரையில் இதை விளக்கியே இருக்கிறார்கள், ஆனால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 'கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்துவிடுவோம்' என்று போய்விடுகிறோம்.

கடைசிக் கட்டத்தில், நீங்கள் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பட்டியலைப் பெயரில்லாமல் அனுப்பலாமா என்று ஒரு கேள்வி வரும். முன்னிருப்பு 'வேண்டாம்'. இப்படிக் கேட்டுவிட்டு எடுப்பது டெபியனின் வழக்கம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லாததால் 'சரி' என்று கொடுப்பேன். எந்தப் பேக்கேஜ் எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிய அது ஒரு வழி.

3. சூடோ வேலை செய்யவில்லையா?

ரூட் கடவுச்சொல் கொடுத்துவிட்டவர்களுக்கு முதல் நாளே வரும் சிக்கல் இது. சூடோ என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரலாம், இல்லாவிட்டால் நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்று வரும். பதற வேண்டாம்.

டெர்மினலைத் திறந்து எஸ்யூ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு என்டர் தட்டுங்கள். ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தச் சிறு கோடு முக்கியம். அது இல்லாமல் எஸ்யூ மட்டும் அடித்தால் ரூட்டாக மாறுவீர்கள், ஆனால் உங்கள் பழைய பாதைப் பட்டியலே தொடரும். நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவு அதில் இருக்காது. ஆட்யூசர் என்று அடித்தால் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று வரும். ரூட்டாக இருந்தும் கட்டளை இல்லையா என்று குழம்பிப் போவீர்கள். டெபியன் 10-இல் இருந்து இப்படி. அதற்கு முன் எழுதிய குறிப்புகளில் கோடு இருக்காது.

கோடு போட்டு உள்ளே போனபின், ஆப்ட் இன்ஸ்டால் சூடோ (ஆப்ட் என்பது பேக்கேஜ்களை நிறுவும், நீக்கும் கருவி). அப்புறம் ஆட்யூசர், இடைவெளி, உங்கள் பயனர் பெயர், இடைவெளி, சூடோ. இதோடு முடிந்தது என்று எண்ணி உடனே முயன்று பார்த்து, வேலை செய்யவில்லை என்று திரும்பி வருவார்கள். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் புதிய குழு உரிமை கைக்கு வரும்.

4. மூலப் பட்டியலில் கலப்படம் வேண்டாம்

பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் கோப்புகள், அமைவுக் கோப்புகளின் இருப்பிடமான ஈடிசி அடைவுக்குள், ஆப்ட் என்ற உள் அடைவில் இருக்கின்றன. சோர்சஸ் டாட் லிஸ்ட் என்ற பழைய வடிவத்தில் ஒரு களஞ்சியத்துக்கு ஒரு வரி இருக்கும். புதிய வடிவத்தில் ஒவ்வொரு களஞ்சியமும் சில வரிகள் கொண்ட ஒரு பத்தியாக இருக்கும். டெபியன் 13-இல் ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் என்று கொடுத்தால் பழையதைப் புதியதாக மாற்றிக் கொடுக்கும். எந்த வடிவமானாலும் மூன்று பெயர்கள் இருக்க வேண்டும்: டிரிக்ஸி, டிரிக்ஸி-செக்யூரிட்டி, டிரிக்ஸி-அப்டேட்ஸ்.

டிரிக்ஸி என்று பெயரைத்தான் எழுத வேண்டும். ஸ்டேபிள் என்று பொதுவாக எழுதினாலும் வேலை செய்யும். ஆனால் ஃபோர்க்கி வெளியாகும் நாளில் ஸ்டேபிள் என்றால் ஃபோர்க்கி என்று ஆகிவிடும். காலையில் சாதாரண மேம்படுத்தல் என்று நினைத்துக் கட்டளை கொடுத்தவர், ஒரு முழு வெளியீட்டு மாற்றத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார்.

நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன். டெபியன் பழக்கப்பட்ட புதிதில், வீடியோ தொகுக்கும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காக, மூலப் பட்டியலில் சிட் வரியைச் சேர்த்தேன். அந்த ஒரு மென்பொருளை மட்டும்தான் நிறுவச் சொன்னேன். அதற்குப் புதிய சி நூலகம் வேண்டியிருந்தது. சி நூலகம் மாறினால் அதைச் சார்ந்தவை சிலவும் மாற வேண்டும், அவற்றைச் சார்ந்தவை இன்னும் பல. திரையில் பேக்கேஜ் பெயர்கள் பக்கம் பக்கமாக ஓடின. கீழே 'தொடரட்டுமா' என்று கேட்டது. படிக்காமல் சரி என்று தட்டினேன். அந்த வார இறுதியில் இன்னொரு மேம்படுத்தலுக்குப் பிறகு வரைகலைத் திரை வரவே இல்லை. திரும்பப் பழைய பதிப்புக்கு இறக்கலாம் என்று பார்த்தால், பதிப்பைக் கீழே இறக்குவதை டெபியன் ஆதரிப்பதே இல்லை. ஹோம் அடைவை வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு முதலிலிருந்து நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இப்படி ஒட்டுப்போட்ட கணினிக்கு டெபியன்காரர்கள் ஃபிராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உபுண்டுவுக்காகத் தனியார் நடத்தும் பிபிஏ களஞ்சியங்களும் இதே கணக்கில் சேரும். உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது என்றாலும் அதன் நூலகப் பதிப்புகள் வேறு. வெளி நிறுவனம் ஒன்று டெபியனுக்கென்றே களஞ்சியம் தந்தால் சேர்க்கலாம். அதன் பேக்கேஜ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் என்று அந்தப் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும். ஆப்ட்-கீ என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்பு எதையும் இனி நம்ப வேண்டாம்.

5. பதிப்பு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'டெபியனில் எல்லாமே பழசு, அதனால் பாதுகாப்பு இல்லை' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி தவறு. ஏன் என்று ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன்.

2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச் சர்வரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே சொல்லப்பட்டது. ஓபன்எஸ்எஸ்எச் குழு அதைச் சரிசெய்தது 9.8 பதிப்பில். அன்றைய ஸ்டேபிளான புக்வார்மில் இருந்ததோ 9.2. டெபியன் 9.8-க்குத் தாவவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் எடுத்து 9.2-இல் ஒட்டி அனுப்பியது. மேம்படுத்தியவர்களின் கணினியில் பதிப்பு 9.2பி1-2+டெப்12யு3 என்று காட்டியது.

இதை இப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும். 9.2பி1 என்பது மூல மென்பொருளின் பதிப்பு. கோட்டுக்குப் பின் வரும் 2, டெபியன் அதை எத்தனையாவது முறை கட்டியது என்பது. டெப்12யு3 என்றால், டெபியன் 12 வெளியான பின் வந்த மூன்றாவது திருத்தம். உயிரே இந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது. முன்பக்க எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகள் 'உங்கள் சர்வர் ஆபத்தில்' என்று சிவப்பில் அறிக்கை கொடுக்கும். அலுவலகத்தில் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 9.8-ஐ மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியவர்களைத் தெரியும். அதன் பிறகு வந்த எந்தத் திருத்தமும் அந்த சர்வருக்குத் தானாக வரவில்லை. டெபியனின் நிலத்தில் அவர்களாகவே ஒரு செடியை நட்டுவிட்டார்கள், அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் அவர்களுடையதாகிவிட்டது.

6. நிறுவுவது, நீக்குவது

ஆப்ட் அப்டேட் என்பது பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். ஆப்ட் அப்கிரேட் என்பதுதான் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும். இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

பேக்கேஜ் பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. நிரல் தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் டெவ் என்று முடியும் பேக்கேஜில் இருக்கும். ஆவணம் பெரிதாக இருந்தால் டாக் என்று தனியாகப் பிரித்திருப்பார்கள். மொழிபெயர்ப்புகள் எல்10என் என்ற ஒட்டோடு மொழிக் குறியைச் சேர்த்து வரும். லிப்ரெஆபிஸ்-எல்10என்-டிஏ, ஃபயர்பாக்ஸ்-ஈஎஸ்ஆர்-எல்10என்-டிஏ இரண்டும் தமிழ் இடைமுகத்துக்கானவை. எழுத்துருக்கள் ஃபான்ட்ஸ் என்று தொடங்கும். சில சமயம் வேறொரு பேக்கேஜ் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பெயரில் கட்டளை இருந்தால், புதிதாக வந்தது பெயரை மாற்றிக்கொள்ளும். பேட் என்ற கோப்பு பார்க்கும் கருவி டெபியனில் பேட்கேட் என்ற பெயரில் இருப்பது அப்படித்தான்.

இன்னொரு வழக்கம், மற்ற வழங்கல்களிலிருந்து வருபவர்களைத் திடுக்கிட வைப்பது: ஒரு சேவையை நிறுவினால் டெபியன் அதை உடனே ஓட்டத் தொடங்கிவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை நிறுவிய மறுநொடி 80-ஆம் போர்ட்டில் அது காத்திருக்கும். பொது இணையத்தில் இருக்கும் சர்வரில் எதையும் 'சும்மா நிறுவிப் பார்ப்போம்' என்று நிறுவாதீர்கள்.

நீக்கும்போது ரிமூவ் என்றால் மென்பொருள் போகும், ஈடிசியில் உள்ள அமைவுக் கோப்புகள் தங்கும். அவையும் போக வேண்டுமானால் பர்ஜ். நாளை அதே மென்பொருளைத் திரும்ப நிறுவினால் உங்கள் அமைப்பு அப்படியே இருக்கட்டும் என்ற எண்ணத்தில் வந்த வழக்கம் இது. எதை நீக்கும்போதும், 'இவையும் நீக்கப்படும்' என்று அது காட்டும் பட்டியலைக் கண் வைத்துப் படியுங்கள். அதில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால் வேண்டாம் என்று சொல்லி வெளியே வாருங்கள்.

7. ஈடிசி: இருவருக்கும் பொதுவான இடம்

வரப்பு சரியாக இந்த அடைவின் மேல்தான் ஓடுகிறது. ஈடிசியில் உள்ள அமைவுக் கோப்புகளை வைப்பது டெபியன், திருத்துவது நீங்கள். நீங்கள் திருத்திய ஒன்றைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பது டெபியனின் கொள்கை ஆவணத்திலேயே உள்ள கட்டாய விதி. ஒரு பேக்கேஜ் அதை மீறினால் அது வழு.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பழைய மடிக்கணினி ஒன்றை வீட்டில் சர்வராக வைத்திருந்தேன். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஈடிசி, சிஸ்டம்டி அடைவில் உள்ள லாகின்டி டாட் கான்ஃப் கோப்பில் ஒரு வரியை மாற்றியிருந்தேன். 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்தும்போது ஓட்டம் நடுவில் நின்று ஒரு கேள்வி வந்தது. இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜிலும் புதிய வடிவம் வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று. ஒய் அழுத்தினால் பராமரிப்பாளரின் புதிய கோப்பு. ஆங்கில 'என்' எழுத்தை அழுத்தினால் உங்களுடையதே தொடரும். டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும்.

முதலில் எப்போதும் டி அழுத்துங்கள். நான் அழுத்திப் பார்த்தபோது, என் ஒரு வரியைத் தவிர மற்ற வேறுபாடெல்லாம் குறிப்பு வரிகளிலும் புதிய விருப்பங்களிலும்தான் இருந்தது. ஒய் கொடுத்துப் புதியதை ஏற்றுக்கொண்டேன். பழைய கோப்பு அழிந்துவிடவில்லை, அதே இடத்தில் டிபிகேஜி-ஓல்ட் என்ற பின்னொட்டோடு இருந்தது. 'என்' எழுத்தைக் கொடுத்திருந்தால் புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்தில் இருந்திருக்கும். எதைத் தேர்ந்தாலும் மற்றது கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும்.

அதன்பின் என் வரியைத் திரும்ப அதே கோப்பில் எழுதவில்லை. லாகின்டி டாட் கான்ஃப் டாட் டி என்று ஓர் அடைவை உருவாக்கி, அதற்குள் என் சொந்தச் சிறு கோப்பு ஒன்றை வைத்து, அதில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினேன். டெபியனின் கோப்பை நான் தொடவில்லை, என் கோப்பை டெபியன் தொடாது. அடுத்த மேம்படுத்தலில் அந்தக் கேள்வியே வரவில்லை. பல மென்பொருள்களுக்கு இப்படி டாட் டி என்று முடியும் அடைவு உண்டு. எஸ்எஸ்எச் சர்வருக்கு உண்டு, சூடோவுக்கு உண்டு, ஆப்ட்டுக்கே உண்டு. எந்த அமைவுக் கோப்பையும் திருத்தக் கை வைக்கும் முன், பக்கத்தில் அப்படி ஓர் அடைவு இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

8. யூஎஸ்ஆர் அவர்களுடையது, யூஎஸ்ஆர் லோக்கல் உங்களுடையது

யூஎஸ்ஆர் அடைவுக்குள் கைவைத்து எதையும் மாற்றக் கூடாது. மாற்றினால் அடுத்த மேம்படுத்தலில் எச்சரிக்கையே இல்லாமல் போய்விடும். அதே யூஎஸ்ஆருக்குள் லோக்கல் என்று ஓர் அடைவு மட்டும் விலக்கு. நீங்கள் தொகுத்த நிரல், நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் அங்கே போகலாம். அங்குள்ள உங்கள் கோப்புகளை எந்த டெபியன் பேக்கேஜும் தொடாது.

பைத்தான் படிப்பவர்கள் இந்த வரப்பில் தடுக்கி விழுவது அதிகம். டெபியன் 12 முதல், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கருவிக்கு பிப் இன்ஸ்டால் என்று நேரடியாகக் கொடுத்தால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். டெபியனின் சொந்தக் கருவிகள் சிலவே அந்தப் பைத்தானை நம்பி ஓடுகின்றன, அதனால்தான் இந்தத் தடை. மீறுவதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது. அதன் பெயரே பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ், சிஸ்டத்தின் பேக்கேஜ்களை உடை. செய்யப்போவது என்னவென்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நம்புங்கள். உங்கள் திட்டத்துக்கு வென்வ் கொண்டு ஒரு தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் பிப் ஓட்டுங்கள். பைத்தானில் எழுதிய கட்டளைக் கருவி ஏதாவது வேண்டுமானால் பிப்எக்ஸ் இருக்கிறது.

9. வீட்டிலேயே இருக்கும் ஆவணம்

யூஎஸ்ஆர், ஷேர், டாக். இந்த அடைவில் நீங்கள் நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜின் பெயரிலும் ஓர் அடைவு இருக்கும். அதற்குள் ரீட்மீ டாட் டெபியன் என்ற கோப்பு இருந்தால் இணையத்தில் தேடும் முன் அதைப் படியுங்கள். மூல மென்பொருளிலிருந்து டெபியன் எங்கே விலகுகிறது, ஏன் என்று பராமரிப்பாளரே எழுதியிருப்பார். அப்பாச்சி வலை சர்வரை எடுத்துக்கொண்டால், மற்ற இடங்களில் ஒரே பெரிய கோப்பாக இருக்கும் அமைவை டெபியன் பல துண்டுகளாகப் பிரித்து, சைட்ஸ்-அவைலபிள், சைட்ஸ்-எனேபிள்ட் என்று இரண்டு அடைவுகளில் வைக்கிறது. இது தெரியாமல் பொதுவான குறிப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

அதே அடைவில் சேஞ்ச்லாக் டாட் டெபியன் என்று ஒரு சுருக்கப்பட்ட கோப்பும் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் செய்தவரின் பெயர், தேதி, நேரம். இப்போது பழைய பதிவுகளை அதில் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள், ஆப்ட் சேஞ்ச்லாக் என்று பேக்கேஜ் பெயரோடு கொடுத்தால் முழுவதும் வரும், சில பேக்கேஜ்களில் அது இருபது இருபத்தைந்து வருடம் பின்னால் போகும். ஒருமுறை திறந்து பாருங்கள். யார் யாரெல்லாம் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மனதில் படும்.

10. புதியது வேண்டுமே?

வேண்டியிருக்கும், தப்பில்லை. முதலில் பேக்போர்ட்ஸ் பாருங்கள். டெஸ்டிங்கில் உள்ள சில பேக்கேஜ்களை ஸ்டேபிளின் நூலகங்களோடு ஒத்துப்போகும்படி மீண்டும் கட்டி டிரிக்ஸி-பேக்போர்ட்ஸ் என்ற களஞ்சியத்தில் வைப்பார்கள். அதைப் பட்டியலில் சேர்த்தாலும் தானாக எதுவும் வராது, குறிப்பிட்டுக் கேட்டால்தான் வரும். நான் வீடியோ மென்பொருளுக்காகச் சிட்டைத் தொட்டபோது செய்திருக்க வேண்டியது இதைத்தான். அங்கேயும் இல்லையென்றால் ஃபிளாட்பேக். அது தன் நூலகங்களைத் தானே கொண்டுவருவதால் டெபியனின் நிலத்தைத் தொடாது, வட்டில் இடம் மட்டும் கூடுதலாக எடுக்கும்.

11. அடுத்த வெளியீட்டுக்குப் போவது

ஒரு வெளியீட்டுக்கு மூன்று வருடம் முழு ஆதரவும், அதற்குமேல் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவும் உண்டு. ஆகவே அவசரம் ஒன்றும் இல்லை. புதியது வெளியாகி முதல் சிறுதிருத்த வெளியீடு வரும்வரை காத்திருப்பது என் வழக்கம்.

படிகளைத் தாண்டக் கூடாது. 11-இல் இருப்பவர் 12-க்குப் போய்த்தான் 13-க்குப் போக வேண்டும். முதலில் வெளியீட்டுக் குறிப்புகளைப் படியுங்கள், குறிப்பாக 'கவனிக்க வேண்டியவை' என்ற அத்தியாயத்தை. உதாரணமாக, 13 முதல் டிஎம்பி அடைவு முன்னிருப்பாக நினைவகத்தில் இருக்கிறது. கணினியை அணைத்தால் அதில் உள்ளது போய்விடும். தற்காலிகம் என்று நினைத்து ஏதாவது முக்கியமானதை அங்கே வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

அப்புறம் வரிசை இதுதான். தரவை நகலெடுங்கள். இப்போதைய வெளியீட்டை முழுமையாகப் புதுப்பியுங்கள். வெளிக் களஞ்சியங்களை நிறுத்தி வையுங்கள். மூலப் பட்டியலில் புக்வார்ம் என்று இருக்கும் இடத்திலெல்லாம் டிரிக்ஸி என்று மாற்றுங்கள். ஆப்ட் அப்டேட். பிறகு ஆப்ட் அப்கிரேட், அதில் வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ் என்ற விருப்பத்தோடு. கடைசியாக ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். தொலைவில் இருக்கும் சர்வராக இருந்தால் டிமக்ஸ் என்ற கருவிக்குள் உட்கார்ந்து செய்யுங்கள், நடுவில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

12. வழு கண்டால் சொல்லுங்கள்

1997-இல் டெபியன் ஒரு சமூக ஒப்பந்தத்தை எழுதி ஏற்றுக்கொண்டது. அதில் மூன்றாவது உறுதிமொழி: சிக்கல்களை மறைக்க மாட்டோம். இது எழுத்தோடு நிற்கவில்லை. 2006-இல் குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் டெபியன் செய்த ஒரு மாற்றம், உருவாகும் சாவிகளின் தற்செயல்தன்மையைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிட்டது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,767 சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008-இல் டெபியன் உறுப்பினர் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்ததும், மே 13 அன்று தவறு தங்களுடையது என்று டெபியன் வெளிப்படையாக அறிவித்து, பலவீனமான சாவிகளைக் கண்டறியும் கருவியையும் தந்தது. மிக மோசமான ஒரு தவறுதான். அதை அவர்கள் கையாண்ட விதம்தான் என்னை இன்றுவரை டெபியனில் வைத்திருக்கிறது.

அந்த உறுதிமொழியில் உங்களுக்கும் பங்கு உண்டு. ரிப்போர்ட்பக் என்ற கருவியை நிறுவி, பேக்கேஜ் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். அதே வழுவை யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டும். பொறுமையாகப் பாருங்கள். இல்லையென்றால் மட்டும் புதிதாக எழுதுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இந்த மூன்றும் இருந்தால் போதும். பதிப்பு எண்களைக் கருவியே சேர்த்துவிடும். தீவிரத்தைத் தேர்வு செய்யும்போது நார்மல் என்பதற்கு மேல் போக வேண்டாம். மேல்நிலைகளில் சில ஒரு வெளியீட்டையே நிறுத்தி வைக்கக்கூடியவை. அறிக்கை மின்னஞ்சலாகப் போய், உங்கள் முகவரியோடு பொதுவில் நிரந்தரமாக இருக்கும், அதற்கு ஏற்ற முகவரியைக் கொடுங்கள்.

தமிழ் எழுத்துருவில் ஓர் எழுத்து உடைந்து தெரிகிறது, தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறாக இருக்கிறது, தமிழ்99 விசைப்பலகையில் ஒரு விசை மாறி விழுகிறது என்றால் கட்டாயம் எழுதுங்கள். வேற்று மொழிப் பராமரிப்பாளர் ஒருவருக்கு அது கண்ணில் படவே வாய்ப்பில்லை. எழுத்து எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று இரண்டு படங்களைச் சேர்த்து அனுப்பினால், தமிழ் தெரியாதவரும் பார்த்துச் சரிசெய்ய முடியும்.